தவசியின் பெரியப்பா

போளூர்
12 ஜூன் 2024

அன்புள்ள சகலை சேனாதிபதிக்கு,

கொடைக்கானல் மேல்மலைப் போளூரிலிருந்து திருமலைச்சாமி எழுதுவது. நானும் ராஜகுமாரியும் நலம். பழனி வெயிலில் தாங்களும் சுகன்யாவும் மகள் ரோகிணியும் வாடாமல் இருக்கிறீர்களா என அறிய ஆவல். என் மூட்டு வலி பழையபடியே. தாங்கள் விசாரித்ததாக எடுத்துக்கொள்கிறேன்.

நம் மாமனாரின் எழுபதாம் கல்யாணத்துக்குத் தாங்கள் அடித்த ஃப்ளெக்ஸ் பேனரில், மூத்த மருமகனான என் படம் தபால்தலை அளவிலும், இளைய மருமகனான தங்கள் படம் ஜன்னல் அளவிலும் வந்தது பற்றி நாம் போனில் பேசியது நினைவிருக்கும். நாம் பேசியது இங்கே பஸ் நிறுத்தம் வரை கேட்டதாம். அக்காளும் தங்கையும் கூடி, இனி நாம் இருவரும் போனைத் தொடக் கூடாது, சொல்ல வேண்டியதை எழுதிக்கொள்ள வேண்டும், எழுதியதை அவர்கள் படித்த பிறகே உறையை ஒட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார்கள். தீர்ப்புக்குக் கட்டுப்பட்டு இந்த முதல் கடிதத்தை ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் கேரட் ஏற்றிப் போகும் வேல்ராஜ் வண்டியில் கொடுத்தனுப்புகிறேன்.

விசேஷம் ஒன்றுதான். நாய் வாங்கியிருக்கிறேன். கொடைக்கானல் ஏரிக்கரையில் ஒரு பங்களாக்காரர் மகளோடு வெளிநாட்டில் குடியேறப் போகிறார். அவர் வீட்டில் பாயிண்டர் என்ற ஜெர்மன் வேட்டை நாய் குட்டி போட்டிருந்தது. காட்டில் பறவை இருக்கும் இடத்தை மோப்பம் பிடித்து, ஒரு முன்னங்காலைத் தூக்கிச் சிலைபோல நிற்கும் ஜாதி. உடம்பெல்லாம் காப்பிக்கொட்டை நிறப் புள்ளி. நான் பல நாள் படித்துவிட்டுத்தான் போனேன். குட்டிகள் நடுவே ஒரு கோழியிறகைப் போட்டேன். மற்றவை இறகுக்காகக் கட்டிப் புரண்டன. ஒன்று மட்டும் அசையாமல் நின்று அதைப் பார்த்தது. அதைத் தேர்ந்தெடுத்தேன். மணி என்று பெயர்.

இந்த நாய்க்கு ஓட நிலம் வேண்டும், குளிர்ந்த காற்று வேண்டும், வளர்ப்பவருக்குப் பொறுமை வேண்டும். அடிவாரத்தில் கடைக்கு மேலே குடியிருக்கிற தங்களைப் போன்றவர்களுக்கு இது ஆகாது. அதற்காகத் தாங்கள் வருந்த வேண்டாம்.

இப்படிக்கு,
மூத்த சகலை
திருமலைச்சாமி

பி.கு. சுகன்யா, அக்கா எழுதுறேன். குட்டி என் செருப்பு மேல வந்து படுத்துத் தூங்கிருச்சு. எழுப்ப மனசில்லாம தூக்கிட்டு வந்தோம். இறகுக் கதையெல்லாம் வீட்டுக்கு வந்தப்புறம் மொளச்சது.

பழனி
2 ஜூலை 2024

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு,

சேனாதிபதியின் வணக்கங்கள். முருகன் அருளால் மூவரும் சௌகரியம். உங்கள் மூட்டு வலியை உண்மையாகவே விசாரிக்கிறேன். ஃப்ளெக்ஸ் விஷயம் அச்சகத்துக்காரன் செய்த பிழை என்பதை மறுபடி சொல்லி உங்களைச் சிரமப்படுத்த விரும்பவில்லை.

நாய் வாங்கியது அறிந்து மகிழ்ச்சி. எனக்கு அது ஆகாது, வருந்த வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். வருந்தவில்லை. வாங்கிவிட்டோம்.

ரோகிணி பத்தாம் வகுப்புப் போகிறாள், மனசு லேசாக ஒரு துணை வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அதே பங்களாவில் கடைசியாக ஒரு குட்டி மிச்சமிருந்தது. உங்கள் மணியின் கூடப்பிறந்தது. மணியைக் கொஞ்சம் பெரிய புள்ளிகளோடு நினைத்துப் பாருங்கள், அதுதான். டைகர் என்று பெயர். பங்களாக்காரர் என்னிடம் தனியாகச் சொன்னார், நல்ல குட்டியைக் கடைசிவரை கொடுக்காமல் வைத்திருந்தாராம்.

அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு மருமகன் வீட்டில் வளர்வது மாமனாருக்கும் சந்தோஷம்.

உங்கள் அன்பை என்றும் நாடும்,
சேனாதிபதி

போளூர்
21 ஜூலை 2024

அன்புள்ள சகலைக்கு,

இங்கே மழையும் நாங்களும் நலம். அங்கே அனைவரும், புதிதாகச் சேர்ந்த புலி உட்பட, நலமென நம்புகிறேன். நாய்க்குப் புலி என்று பெயர் வைத்தவர் நாளை புலி வாங்கினால் என்ன செய்வார் என்று ஊரில் கேட்டார்கள்.

வாங்கியது வாங்கியாகிவிட்டது. வளர்க்கும் விதத்தையாவது கேட்டுக்கொள்ளுங்கள். காலையும் மாலையும் ஒவ்வொரு மணி நேரமாவது ஓடவிட வேண்டும். கயிற்றில் கட்டி நடத்துவது ஓட்டமாகாது. ஓடாத பாயிண்டர் அந்தத் தெம்பை வீட்டுச் சாமான்கள் மேல் காட்டும். வேலை கொடுக்க வேண்டும். ஒளித்து வைத்ததைத் தேடவிட வேண்டும். இங்கே விடிவதற்கு முன்பே மணி மலைச்சரிவுக்கு அழைத்துச் செல்லப்படுகிறது. பூண்டு வயலின் ஓரத்தில் காட்டுக்கோழி இருந்தால் காலைத் தூக்கி நிற்கிறது. நிற்கச் சொன்னால் நிற்கிறது, வரச் சொன்னால் வருகிறது. பயிற்சி அப்படி.

ஒரு சங்கடம். காயப்போட்டிருந்த பூண்டில் மணி வாய் வைத்துவிட்டது. கொடைக்கானலில் கால்நடை மருத்துவர் புவனாவிடம் தூக்கிக்கொண்டு போனோம். சின்னப் பெண். "அங்கிள், கார்லிக், ஆனியன் ரெண்டும் டாக்ஸுக்கு பாய்சன்" என்றார்.

"இது சாதாப் பூண்டு இல்லம்மா, மலைப்பூண்டு. புவிசார் குறியீடு வாங்கினது" என்றேன்.

"குறியீடு வாங்கினது டாகுக்குத் தெரியாதே அங்கிள்" என்றார்.

மூன்று தலைமுறையாக நாட்டுக்கே மருந்தென்று விற்ற பொருள் என் வீட்டிலேயே விஷமாகிவிட்டது. இப்போது பூண்டுக்கு வேலி போட்டிருக்கிறேன். காட்டுமாட்டுக்கு வெளியே ஒரு வேலி, நாய்க்கு உள்ளே ஒரு வேலி. தங்களுக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை. பூஜைச் சாமான் கடையில் நாய் தின்ன என்ன இருக்கிறது?

நலம் விழையும்,
திருமலைச்சாமி

பழனி
8 செப்டம்பர் 2024

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு,

வணக்கம். இங்கு எல்லோரும் சுகம். மதினிக்கும் உங்களுக்கும் உடல்நலம் எப்படி? பதில் தாமதமானதற்குக் காரணம் உண்டு.

பூஜைச் சாமான் கடையில் நாய் தின்ன என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். காவடிக்கு வைத்திருந்த மயிலிறகுக் கட்டுகள் இருக்கின்றன. இருந்தன. சோபாவின் கைப்பிடிகள், இரண்டு மணைப்பலகை, என் இடதுகால் செருப்புகள் மூன்றும் இருந்தன. வலதுகால் செருப்பை அவன் தொடுவதில்லை, நியாயஸ்தன்.

வேறு வழியில்லாமல் விடியற்காலையில் ரோகிணி சைக்கிளில் போக, டைகர் பக்கத்தில் ஓட, மலையைச் சுற்றிக் கிரிவீதியில் தினமும் கூட்டிப் போக ஆரம்பித்தோம். வீட்டில் கடிப்பது நின்றது. போன வாரம்தான் அந்த அற்புதம்.

கிரிவீதியின் மேற்கே போகும்போது டைகர் சட்டென்று நின்றான். முன்னங்கால் ஒன்றைத் தூக்கிக்கொண்டான். முகம் மலைக்கோயிலை நோக்கி. மூச்சுவிடுகிறானா என்றே தெரியவில்லை. மொட்டை போட்டு வந்த ஓர் அம்மாள் பார்த்துவிட்டு, "முருகா! வாயில்லாச் சீவன் ஒத்தக்கால்ல தவம் நிக்குதே!" என்று கும்பிட்டார். பின்னால் வந்தவர்களும் கும்பிட்டார்கள். ஒருவர் கற்பூரம் ஏற்றினார். மறுநாளும் அதே இடம், அதே நிலை. நான் கூடவே போய் என் கண்ணால் பார்த்தேன்.

இப்போது அவனை யாரும் டைகர் என்று கூப்பிடுவதில்லை. தவசி என்கிறார்கள். மாமனார் மயில்சாமி நேரில் வந்து பார்த்துக் கண்கலங்கினார். "எந்த மருமகன் வீட்டுக்கு எது போய்ச் சேரணும்னு அவனுக்குத் தெரியும்" என்றார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

என்றும் உங்கள்,
சேனாதிபதி

பி.கு. அக்கா, ஒன் காலு வீக்கம் எப்படி இருக்கு? மாமா நாயை வாங்கிட்டாரு, ஓடுறது நீயி. செருப்பில்லாம ஓடாத. சுகன்யா.

போளூர்
27 அக்டோபர் 2024

சகலைக்கு,

நலம். நலமே விரும்புகிறேன். பூண்டு நடவு இருந்ததால் உடனே எழுத முடியவில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை.

தங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஒற்றைக்கால் தவம் என்று எழுதியிருக்கிறீர்கள். நாய்க்கு நான்கு கால். ஒன்றைத் தூக்கினால் மூன்று மிச்சம். மூன்று காலில் நிற்பது தவம் என்றால் என் வீட்டு முக்காலி ரிஷியாகிவிடும்.

இரண்டு கேள்விகள் மட்டும். டைகர் நின்ற இடத்தில் மதில்மேலோ மரத்திலோ மயில் இருந்ததா? காற்று அந்தப் பக்கமிருந்து வீசியதா? இந்த நாய் எதற்காக நிற்கும் என்பதை முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தேன். பழனியில் மயிலுக்கா பஞ்சம்? மயிலைக் குறிவைத்து நிற்கிற வேட்டை நாயைப் பார்த்து முருக பக்தன் என்று கும்பிடுவது, கோழிக்கூண்டைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் நரியைக் காவல்காரன் என்று சொல்வதற்குச் சமம்.

மணியும் தினமும் நிற்கிறது. தங்கள் தவசியைவிட நேராக, நீண்ட நேரம், வால்கூட அசையாமல். இதுவரை ஒருவரும் கற்பூரம் ஏற்றவில்லை. பக்கத்து வயல்காரர் பார்த்துவிட்டு, "காலுல முள்ளு ஏறிருச்சு போலருக்கு, எடுத்து விடுங்க" என்றார்.

மாமனார் இவ்வளவு தூரம் வரமாட்டார், மலைவளைவில் தலை சுற்றும் என்று எனக்குத் தெரியும். நானும் அழைக்கவில்லை.

திருமலைச்சாமி

பழனி
14 நவம்பர் 2024

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு,

இங்கு நலம், அங்கும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன். உங்கள் கடிதத்தைப் பொறாமை என்று சுகன்யா சொன்னாள். நான்தான் இல்லை, மூட்டு வலி என்று சொல்லிச் சமாதானப்படுத்தினேன்.

மயில் இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது. முருகனின் வாகனம் முன்னால் வந்து நிற்கும்போது பக்தன் கால் தூக்கி நிற்கிறான். இதில் உங்களுக்கு எந்த இடம் புரியவில்லை?

தவசியின் புகழ் வளர்கிறது. யூடியூப் சேனல்காரர்கள் இருவர் வந்து எடுத்துப் போனார்கள். கூட்டம் சேர்வதால் கிரிவீதிக்கு இப்போது கூட்டிப்போக முடிவதில்லை. கடை வாசலிலேயே ஒரு மேடை போட்டு, பட்டுத்துணி விரித்து, எல்லோரும் தரிசிக்கும்படி இருத்தியிருக்கிறோம். வருகிறவர்கள் பஞ்சாமிர்தம், லட்டு, திராட்சை எல்லாம் அன்போடு ஊட்டுகிறார்கள். மறுக்க நாம் யார்?

தைப்பூசத்தன்று கோயமுத்தூரிலிருந்து பெரிய சேனல் ஒன்று நேரலை செய்ய வருகிறது. உங்களுக்கும் மதினிக்கும் முன்வரிசையில் இடம் போடச் சொல்கிறேன்.

அன்புடன்,
சேனாதிபதி

பி.கு. அக்கா, இவரு எழுதாததை நான் எழுதுறேன். புள்ள சைக்கிளை எடுக்க விடமாட்டேங்கிறாரு. நாயை நாள் முழுக்க மேடையிலயே கட்டிப் போட்டிருக்கு. தூண் மாதிரி ஆயிட்டான். ரோகிணி அவங்க அப்பாகூடப் பேசி ஒரு வாரம் ஆச்சு. மாமாவை ஒரு வார்த்த எழுதச் சொல்லு.

போளூர்
1 டிசம்பர் 2024

சகலைக்கு,

இங்கே பனி அதிகம். மற்றபடி நலம். ரோகிணியைக் கேட்டதாகச் சொல்லவும்.

இனி எழுதுவதைத் தாங்கள் பொறாமை என்பீர்கள். ஒரு வசதிக்கு அப்படியே வைத்துக்கொள்வோம். பொறாமைக்காரன் சொல்வதாலேயே ஒரு சங்கதி பொய்யாகிவிடாது.

திராட்சையை நிறுத்துங்கள். பச்சையோ உலர்ந்ததோ, நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று புவனா டாக்டர் சொன்னார். கேட்டு எழுதுகிறேன். லட்டும் பஞ்சாமிர்தமும் வேண்டாம். மேடையை விட்டு இறக்கி ஓடவிடுங்கள். காடுமேடு சுற்றப் பிறந்ததைக் கட்டிப்போட்டு ஊட்டினால் முதலில் கொழுக்கும், பிறகு சோரும், அதன் பிறகு எழுத எனக்கு மனமில்லை. ராஜகுமாரி இதைக் கேட்டதிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. தங்கள் நாய்க்காக என் வீட்டில் பட்டினி.

மணி இதில் எதையும் தின்பதில்லை. இளைத்து, இறுகி, வில்லாக நிற்கிறது. நேற்றுப் பனியில் காட்டுக்கோழியைக் கண்டு நின்றது பாருங்கள், நானே ஒரு கணம் கும்பிடக் கை எடுத்துவிட்டேன். ஒப்பிட எழுதவில்லை. தகவலுக்காக.

திருமலைச்சாமி

பழனி
5 ஜனவரி 2025

என் மதிப்பிற்கும் அன்புக்கும் மரியாதைக்கும் என்றென்றும் உரிய அண்ணன் அவர்களுக்கு,

சேனாதிபதி அடிபணிந்து எழுதுவது. உங்கள் மூட்டு வலிக்கு இங்கே நல்ல தைலம் கிடைக்கிறது. வேல்ராஜ் வண்டியில் இரண்டு புட்டி கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

நீங்கள் எழுதியபடி திராட்சையை நிறுத்திவிட்டோம். அதற்குள் டைகர் இரண்டு நாள் வாந்தி எடுத்தான். இங்குள்ள டாக்டர் ஊசி போட்டு, பிழைத்தது முன்னோர் புண்ணியம், இனி இவனை ஓட இடமுள்ள ஊருக்கு அனுப்புங்கள் என்றார். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் நிற்பதில்லை. நேற்று ஒரு மயில் மேடைமேலேயே ஏறி அவன் மூக்குக்கு முன்னால் நடந்து போனது. கொட்டாவி விட்டான்.

தைப்பூசம் பிப்ரவரி பதினொன்றாம் தேதி. நேரலை உறுதியாகிவிட்டது. கொடைக்கானல், பாச்சலூர் வரை சொல்லியாகிவிட்டது.

அண்ணா, எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. டைகரும் மணியும் கூடப்பிறந்தவர்கள். புள்ளி கொஞ்சம் வித்தியாசம், மாலை போட்டால் தெரியாது. டைகர் மலைக்காற்றில் உங்களோடு இருந்து உடம்பைத் தேற்றிக்கொள்ளட்டும். அந்த ஒரு மாதம் மணி இங்கே வந்து இருக்கட்டும். ஒரு நாள், ஒரே ஒரு நாள், தவசியாக நிற்கட்டும். நான் மானத்தோடு கடை வைத்திருப்பது இப்போது உங்கள் கையில்.

உங்கள் தம்பி,
சேனாதிபதி

போளூர்
12 ஜனவரி 2025

அன்புத் தம்பி சேனாதிபதிக்கு,

நலம். தைலம் வந்தது. மிக நல்ல தைலம்.

தங்கள் கடிதத்தை ஐந்தாறு முறை படித்தேன், பிடித்திருந்ததால். பிறகு யோசித்தேன். உலகமே கும்பிடப் போவது என் நாயை. ஆனால் தங்கள் நாயின் பெயரைச் சொல்லிக் கும்பிடும். இதைச் சந்தோஷம் என்பதா, வயிற்றெரிச்சல் என்பதா என்று முடிவுசெய்ய இரண்டு நாள் ஆயிற்று. இன்னும் முடிவாகவில்லை. இருந்தாலும் சம்மதிக்கிறேன். டைகருக்காக.

நிபந்தனைகள் உண்டு. மணிக்குச் சோறும் கறியும் தவிர வேறெதுவும் கூடாது. காலையில் ரோகிணி சைக்கிளோடு ஓட்ட வேண்டும். மணியின் பெயர் மணி என்பதை ஆளில்லாத நேரத்திலாவது தாங்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கடைசியாக, தைப்பூசத்துக்கு அடிக்கும் ஃப்ளெக்ஸில் தங்கள் படம் எந்த அளவோ, என் படமும் அந்த அளவு. அச்சகத்துக்காரன் பிழை செய்தால் நாயும் பிழை செய்யும்.

ஊர்ப் பாதயாத்திரைக் கூட்டத்தோடு நாங்களும் தைப்பூசத்துக்கு வருகிறோம். நான் வண்டியில்.

மூத்த சகலை,
திருமலைச்சாமி

பி.கு. சேனாதிபதி தம்பி, மணியை வேல்ராஜ் வண்டியில ஏத்தும்போது அது என் சேலையை விடல. பழைய சேலை ஒண்ணு கூடவே வச்சு விட்டிருக்கேன். படுக்கப் போடுங்க. ராஜகுமாரி.

பழனி
20 பிப்ரவரி 2025

அண்ணனுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் நலமாக ஊர் போய்ச் சேர்ந்ததாக அறிந்தேன். தைப்பூசத்தன்று நடந்ததை நீங்கள் அங்கே வேறு விதமாகச் சொல்லி வருவதாக வேல்ராஜ் சொன்னதால், நடந்ததை எழுதி வைக்கிறேன்.

ஃப்ளெக்ஸ் சொன்னபடி அடித்தேன். இரண்டு படமும் ஜன்னல் அளவு. என் படத்தின் கீழே 'தவசியின் தந்தை', உங்கள் படத்தின் கீழே 'தவசியின் பெரியப்பா'. உறவுமுறைப்படி சரியாகத்தான் போட்டேன். அதைப் படித்ததும் உங்கள் முகம் போன போக்கை நான் பார்த்தேன்.

மணி மேடையில் நின்றது. எதிர் மதிலில் மயில். கால் உயர்ந்தது. கேமரா ஓடியது. அத்தனை கூட்டமும் அரோகரா சொல்லக்கூட மறந்து நின்றது. அப்போது முன்வரிசையில் இருந்த நீங்கள், உதட்டை அசைக்காமல், "மணி" என்றீர்கள். நான் கேட்டேன். மறுபடி, "மணி, இங்க வாலே" என்றீர்கள். நாய் காதைக்கூடத் திருப்பவில்லை. மூன்றாம் தடவை ஊருக்கே கேட்கும்படி, "அது தவசி இல்ல! என் நாயி! மணி!" என்று கத்தினீர்கள். பக்கத்தில் நின்றவர், "பாவம், யாத்திரை வந்த வெயிலு, மண்டையில ஏறிருச்சு" என்று உங்களுக்கு மோர் வாங்கிக் கொடுத்தார். வண்டியில் வந்தவருக்கு வெயில் எப்படி ஏறும் என்று நான் சொல்லவில்லை. மானத்தைக் காப்பாற்றினேன்.

இத்தோடு நின்றிருந்தால் நான் ஜெயித்திருப்பேன்.

கூட்டத்தின் கடைசியில் பிளாஸ்டிக் குடத்துக்கு விலை பேசிக்கொண்டிருந்த மதினி சத்தம் கேட்டுத் திரும்பினார். "ஏலே! இந்த வெயில்ல ஒனக்கு அங்க என்னலே சோலி? கழுத்துல என்னத்த மாட்டி விட்டிருக்காங்க? வா இங்கிட்டு வெரசா!"

மயில் மதிலில் இருக்க, கேமரா ஓட, நான் 'தவசி, தவசி' என்று கூப்பிடக் கூப்பிட, மணி மேடையிலிருந்து குதித்தது. மாலையோடு, பட்டுத்துணியோடு, ஆட்களின் தோள்மேல் ஏறி ஓடி மதினியின் காலடியில் விழுந்து புரண்டது. பிறகு அத்தனை பேரும் மதினியின் காலில் விழுந்தார்கள். மாமனார் முதலில் விழுந்தார். "ஏம்ப்பா, எந்திரிங்கப்பா, பெத்த மக கால்ல விழலாமா? பாதமெல்லாம் சேறு" என்று மதினி கெஞ்சியது நேரலையில் போய்விட்டது.

இதை நீங்கள் "நான் கூப்பிட்டேன், வந்தது" என்று சொல்லித் திரிகிறீர்கள். இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என் கூப்பாட்டுக்கும் வரவில்லை, உங்கள் கூப்பாட்டுக்கும் வரவில்லை. அந்த மட்டில் நாம் சமம்.

மணியைக் கூட்டிப் போய்விட்டீர்கள். டைகரை எப்போது அனுப்புகிறீர்கள்?

சேனாதிபதி

போளூர்
9 மார்ச் 2025

தம்பி சேனாதிபதிக்கும், இதே வீட்டில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கும்,

ராஜகுமாரி எழுதுறேன். நான் சுகம். சுகன்யாவும் ரோகிணியும் சுகமா இருக்காங்களான்னு கேட்டுக்கிறேன். நீங்க ரெண்டு பேரும் எப்படி இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும்.

இவரு ஒங்க கடிதாசிக்கு மூணு பதில் எழுதி மூணையும் கிழிச்சிட்டாரு. அதான் நானே எழுதுறேன். படிச்சுக் காட்டிட்டுத்தான் ஒட்டுவேன். எல்லாருக்கும் ஒரே சட்டம்.

டைகரு வந்தன்னைக்கு வேலி வரைக்கும் நடக்க மூச்சு வாங்குனான். இப்ப மணிக்கு முன்னாடி ஓடுறான். வயிறு உள்ள போயிருச்சு. முந்தாநாள் கால் தூக்கி நின்னான். காடையோ என்னமோ. யாரும் கும்பிடல, அவனும் எதிர்பாக்கல. பூண்டுப் பக்கம் போனா அதட்டுவேன், கேட்டுக்கிறான்.

அவன் ரோகிணியோட நாயி. பரிட்சை முடிஞ்சு மே மாசம் அவ இங்க வரட்டும். வந்து கூட ஓடட்டும். மாசக் கடைசியில கூட்டிட்டுப் போகட்டும். ஆனா மேடை இருக்கக் கூடாது. மேடையைப் பிரிச்சு அடுப்புக்குப் போட்டேன்னு சுகன்யா சொன்னாத்தான் நாயை அனுப்புவேன்.

யாரு கூப்பிட்டா வரும்னு ரெண்டு பேரும் சண்ட போடுறீங்க. நான் ஒண்ணும் மந்திரம் வைக்கல. வெள்ளனே எந்திரிக்கேன், அம்புட்டுத்தான். இவரு போர்வைக்குள்ள கெடந்துக்கிட்டு 'அழைத்துச் செல்லப்படுகிறது'ன்னு எழுதுவாரு. புவனா டாக்டரம்மா நாயைப் பாத்துட்டு இவரு முட்டியையும் பாத்துச்சு. "அங்கிள், உங்களுக்கும் வாக்கிங் வேணும்"னுச்சு. மாட்டு டாக்டரு சொன்னா மனுசன் கேக்கணுமாங்கிறாரு.

குடம் வாங்காமலே வந்துட்டேன். சுகன்யா, பச்சைக் கலர்ல ஒண்ணு வாங்கி வையி.

ராஜகுமாரி

போளூர்
18 மே 2025

அன்புள்ள சகலைக்கு,

நலம். ரோகிணி வந்ததிலிருந்து வீட்டில் சத்தமும் தோசை மாவும் தாராளம். நன்றாகக் கறுத்து, நன்றாகச் சாப்பிடுகிறாள். தாங்களும் சுகன்யாவும் நலமா? மேடை அடுப்புக்குப் போனதாகச் சுகன்யா எழுதியிருந்தாள். தாங்கள் ஒன்றும் எழுதவில்லை. தங்கள் மனநிலை எனக்குப் புரிகிறது. எனக்கும் எழுத ஒன்றும் இல்லாமல்தான் இருந்தது.

ஊரில் மாரியம்மன் திருவிழா. இளைஞர்கள் சாவடி எதிரே ஒரு ஃப்ளெக்ஸ் அடித்து வைத்திருக்கிறார்கள். நடுவில் ராஜகுமாரி, ஆளுயரம். அவள் பக்கத்துக்கு ஒன்றாக மணியும் டைகரும், கன்றுக்குட்டி அளவு. மேலே மாமனார், கும்பிட்டபடி. கீழே ஓரத்தில், கோழி வறுவல் கடை விளம்பரத்துக்குப் பக்கத்தில், தாங்களும் நானும். விரலை வைத்து அளந்து பார்த்தேன். இரண்டு படமும் ஒரே அளவு. தபால்தலை. ஓராண்டாக நாம் போராடிய சமத்துவம் கிடைத்துவிட்டது.

கிழிக்கலாம் என்று போனேன். முன்னால் இரண்டு நாய்களும் படுத்திருந்தன. "மணி" என்றேன். வாலை ஒரு தடவை தரையில் தட்டிவிட்டுத் தூங்கிவிட்டது. திரும்பிவிட்டேன்.

தங்களுக்குச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. ராஜகுமாரி படித்துவிட்டுத்தான் ஒட்டுவாள் என்றாலும் எழுதிவிடுகிறேன். பத்து நாளாக நானும் விடியற்காலையில் போகிறேன். அவளும் ரோகிணியும் நாய்களும் முன்னால் ஓடுவார்கள். நான் கம்பு ஊன்றிப் பின்னால். அவர்கள் மேட்டைத் தாண்டியதும் பனியில் நான் மட்டும் இருப்பேன். யாரும் நின்று பார்ப்பதில்லை. நானும் நிற்கச் சொல்வதில்லை.

நேற்று மேட்டின் மேல் ஒரு நாய் நின்றது. கால் தூக்கவில்லை. காற்றும் அந்தப் பக்கம் இல்லை, பறவையும் இல்லை. திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. நான் ஏறி முடிக்கும்வரை அசையவில்லை. கிட்டே போனதும் என் முட்டியை முகர்ந்துவிட்டுக் கூடவே நடந்தது. இன்று காலையும் அதே இடத்தில் நின்றது.

பெரிய புள்ளி. டைகர்தான்.

மாதக் கடைசியில் ரோகிணியையும் அவனையும் அழைத்துப்போகத் தாங்கள் வரும்போது அவன் என் பக்கத்தில் நிற்கக்கூடும். அதற்காகத் தாங்கள் வருந்த வேண்டாம்.

இப்படிக்கு,
பெரியப்பா
திருமலைச்சாமி